நம்பர் பிளேட் தெரிகிறது, புகை தெரியவில்லையா?

இந்த வாரக் கடிதங்களில் பாதி கேமராவைப் பற்றி, மீதி புகையைப் பற்றி. இரண்டும் ஒரே சாலையில் நடக்கிற சங்கதிகள்தான். கலந்தே பதில் சொல்கிறேன்.

கே: சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டேன் என்று ஈப்போ மாநகர் மன்றத்தின் பெயரில் வாட்சாப்பில் சம்மன் வந்திருக்கிறது. கட்டிவிடட்டுமா, ஐயா?
– ஒரு வாசகர், புந்தோங்

ப: கட்டாதீர்கள். அதில் இருக்கும் இணைப்பையும் தொடாதீர்கள். சிவப்பு விளக்கு, வேகம் இரண்டும் போலீசுக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்கும் உரிய வேலை. கார் நிறுத்துமிடம், வழியை அடைத்து நிற்கும் வண்டி, குப்பை, கடை உரிமம் இவைதான் மாநகர் மன்றத்தின் வட்டம். உங்கள் பெயரில் உண்மையிலேயே சம்மன் உண்டா என்பதை மைஜேபிஜே செயலியிலும், போலீஸ் சம்மன் என்றால் மைபாயாரிலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கே: கேமரா சம்மன் நம் ஊருக்கு எப்போது வந்தது? ஆரம்பத்தில் ஏன் அவ்வளவு எதிர்ப்பு?
– ஓய்வுபெற்ற கிராணி, மெங்லெம்பு

ப: 2012 செப்டம்பர் 23. ஏஇஎஸ் என்ற பெயரில் முதலில் ஓடியவை 14 கேமராக்கள். கோலாலம்பூர், புத்ராஜெயா, சிலாங்கூரோடு பேராக்கும் அந்த முதல் சுற்றிலேயே இருந்தது. நாடு முழுக்க 831 வைப்பதாகத் திட்டம். சம்மன் ஒன்றுக்கு 300 வெள்ளி. கேமராவை வைத்து நடத்தியவை இரண்டு தனியார் நிறுவனங்கள், சம்மன் பணத்தில் அவற்றுக்குப் பங்கு. மக்களுக்குக் கோபம் மூண்டது அந்த இடத்தில்தான். சிலாங்கூர் அரசு தன் உள்ளூராட்சி மன்றங்களிடம் அனுமதியைத் தள்ளிவைக்கச் சொன்னது. அந்த டிசம்பரில் சட்டத்துறைத் தலைவரே வழக்குகளை நிறுத்திவைத்தார். பிறகு திட்டம் கைமாறியது, தொகை 150 வெள்ளியாகக் குறைந்தது, 2017இல் அவாஸ் என்று பெயரும் மாறியது.

சம்மன் கூடக் கூடத்தான் லாபம் என்றால், சாலையில் எல்லாரும் ஒழுங்காக ஓட்டுவது அந்த நிறுவனத்துக்கு நஷ்டம். இனி எந்த மன்றம் எந்தக் கேமராவுக்கு ஒப்பந்தம் போட்டாலும் முதல் வரியாக இதை எழுதட்டும்: வேலைக்குக் கூலி உண்டு, அபராதத்தில் பங்கு கிடையாது.

கே: கேமரா இருக்கிற இடத்தில் மட்டும் மெதுவாகப் போனால் போதாதா?
– கல்லூரி மாணவர், கம்பார்

ப: சம்மனிலிருந்து தப்பிக்கப் போதும் தம்பி. விபத்து அந்த இடத்தைத் தேடி வந்து நடப்பதில்லை. அதனால்தான் பல நாடுகளில் இரண்டு கேமராக்களை வைத்து, நடுவிலுள்ள தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே பிரேக்கை மிதித்துத் தப்பிக்க வழியில்லை.

கே: எதற்கெடுத்தாலும் லாரிக்காரனைத்தான் குறை சொல்கிறீர்கள். நாங்கள் என்ன செய்வோம்? ஏற்றுகிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் ஒருவன்.
– லாரி ஓட்டுநர், சிம்பாங் பூலாய்

ப: உங்கள் கேள்வியிலேயே நியாயம் இருக்கிறது அண்ணே. 2025 மே 13 காலையை யாரும் மறந்திருக்க மாட்டோம். தெலுக் இந்தானில் நம் சித்திரா பௌர்ணமித் திருவிழாவுக்குப் பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ் லாரியும் சரளைக்கல் லாரியும் மோதி, ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள். கல் லாரியில் அளவுக்கு மீறிய பாரம் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9இல் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போனார்கள். இரண்டும் நம் மாநிலச் சாலைகள்.

இப்போதுள்ள கேமரா ஸ்டீயரிங் பிடித்தவர் செய்யும் தவறைத்தான் பிடிக்கிறது. ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசி, டன் கூட ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலைமையை உண்டாக்கியவர் படத்தில் விழுவதே இல்லை. ஓடுகிற லாரியை நிறுத்தாமலே எடை பார்க்கும் கருவியைச் சாலையில் பதிக்கலாம். அதோடு நம்பர் பிளேட் படிக்கும் கேமராவை இணைத்தால் எந்தக் கம்பெனி வண்டி, எத்தனை டன் என்று அப்போதே தெரியும். கல்லுடைப்பு ஆலையின் வாசலிலும் ஒன்று வையுங்கள் என்கிறேன். அங்கே பிடித்தால் பாரம் ஏற்றிக் கொடுத்தவரும் கணக்கில் வருவார்.

கே: சுத்தமான டீசல் வந்துவிட்டது என்றார்களே. பிறகு ஏன் கரும்புகை?
– மோட்டாரில் வேலைக்குப் போகிறவர், ஜெலாப்பாங்

ப: 2021 ஏப்ரலிலிருந்து யூரோ 5 டீசல்தான். கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்குவரை இருந்தது 10 பங்குக்கு இறங்கியது. நல்ல டீசல் கெட்டுப்போன எஞ்சினைச் சரிசெய்துவிடாது. புகையின் அடர்த்தி 50 விழுக்காட்டைத் தாண்டினால் குற்றம் என்ற விதி 1996லேயே வந்தாயிற்று. அதைச் சோதிக்க அதிகாரி சாலையோரம் நின்று, வண்டியை நிறுத்தி, குழாயில் கருவியைச் செருக வேண்டும். ஆள் வந்த நாளில் பிடிபடும், வராத நாளில் உங்கள் முகத்தில் அடிக்கும். கேமரா உதவக்கூடிய இடம் இது. கரும்புகை விடும் வண்டியைப் படம் பிடித்து, சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பலாம்.

கே: கேமராவே காற்றின் தரத்தை அளந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– இடைநிலைப்பள்ளி மாணவி, தாசேக்

ப: அளக்காது, பாப்பா. கேமரா வண்டிகளை எண்ணும்: எத்தனை லாரி, எத்தனை கார், எது எந்த வருடத்து வண்டி. காற்றை அளப்பது வேறு கருவி. காற்றை உள்ளே இழுத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, துகள் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்று பார்க்கும் சின்னச் சென்சாரை விளக்குக் கம்பத்திலேயே மாட்டிவிடலாம். நம் ஊர் ஈரக்காற்றில் அது துகளை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதனால் சுற்றுச்சூழல் துறையின் பெரிய கருவியோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்த வேண்டும். இரண்டையும் ஒரே கம்பத்தில் வைத்தால், லாரி கூடிய நேரத்தில் துகளும் கூடியதா என்று சேர்த்துப் படிக்கலாம்.

கே: ஈப்போவில் காற்றை எங்கே அளக்கிறார்கள்?
– அதே மாணவியின் தோழி

ப: தாசேக்கில் ஒன்று, ஜாலான் பெகோவில் ஒன்று. பேராக் முழுக்கப் பார்த்தால் இவற்றோடு தைப்பிங், ஸ்ரீ மஞ்சோங், தஞ்சோங் மாலிம். சுற்றுச்சூழல் துறையின் செயலியைத் திறந்தால் ஐபியு என்ற காற்று மாசுக் குறியீட்டு எண் தெரியும். 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, 200 வரை கெட்டது, 300 வரை மிகக் கெட்டது, அதற்குமேல் ஆபத்து. 2018இல்தான் பிஎம் 2.5 என்ற நுண்துகளை இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். ஓராண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் வரம்பு 15.

கே: செயலி "மிதமானது" என்று பச்சையாகக் காட்டுகிறது. என் வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. எதை நம்புவது?
– இல்லத்தரசி, கெராமாட் பூலாய்

ப: உங்கள் விரலை நம்புங்கள் அம்மா. செயலியும் பொய் சொல்லவில்லை. அது சொல்வது பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் 24 மணி நேரச் சராசரி. உங்கள் வாசலில் கல் லாரி போன அந்த இரண்டு நிமிடம் அதில் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஜன்னலில் படிகிற வெள்ளை, சுண்ணாம்புக்கல்லின் பெரிய தூசி. ஐபியு எண்ணை நுண்துகளோ வேறொரு மாசோ தீர்மானிக்கும் நாட்களில் அந்தத் தூசி கணக்கில் தெரியவே தெரியாது. கிந்தா பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மலை. விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கும்போது தூசிக்குப் போக்கிடம் இல்லை.

செய்ய வேண்டியது இது. துடைத்த துணியைப் படம் எடுங்கள். தேதி, நேரம், மழை பெய்ததா, தார்ப்பாய் மூடாத லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் துறையின் இலவச எண் 1-800-88-2727. புகார் செய்துவிட்டுப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நோட்டுகள் ஒரே நேரத்தைச் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

கே: நாங்கள் இருப்பது பழைய ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. கேமரா, சென்சார் எல்லாம் தோட்டத்துக்குள் வருமா?
– பழைய தோட்டக் குடும்பம், சுங்கை சிப்புட்

ப: கேமரா வராது. தோட்டச் சாலை தனியார் நிலம்; மன்றத்தின் அதிகாரம் தோட்டத்து வாசலோடு பெரும்பாலும் நின்றுவிடும். விளக்குக்கும் குப்பைக்கும் கால்வாய்க்கும் நம் ஆட்கள் பல தலைமுறையாக இதே வாசலில் நின்று கேட்டுக் களைத்தவர்கள்தான். புகைக்கு அந்த வாசல் தெரியாது. வடக்கே போனால் அளப்பது தைப்பிங்கில், தெற்கே வந்தால் தாசேக்கில், நடுவில் சுங்கை சிப்புட்டுக்கு ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையும் ஆலைகளும் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது. 2008 முதல் 2018 வரை நுரையீரல் மருத்துவர் ஒருவரையே, டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரை, நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அங்கே மக்கள் என்ன சுவாசிக்கிறார்கள் என்று சொல்ல ஒரு கருவிகூட இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ்ப்பள்ளிக் கூரையில் ஒன்று வைக்கலாம். பள்ளி தோட்டத்தின் சொத்தாக இல்லாத இடத்தில் கம்பெனியின் அனுமதியும் தேவைப்படாது.

கே: அம்மா காலமெல்லாம் ஸ்மோக் ஹவுஸில் ரப்பர் ஷீட் உலர்த்தியவர். சிகரெட் தொட்டதில்லை, ஆனால் ஓயாத இருமல். அந்தப் புகைதான் காரணமா?
– ஒரு மகள், பத்து காஜா

ப: காரணத்தைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும், ஆனால் ஸ்மோக் ஹவுஸில் வேலை பார்த்ததை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "புகைப்பிடிப்பாரா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அமிலம் விட்டு உறையவைத்த பால், உருளையில் நசுங்கி ஷீட்டாகி, மூங்கில் கழியில் தொங்கும். கீழே ரப்பர் விறகு நாள்கணக்கில் புகையும். உள்ளே போய் ஷீட்டைத் திருப்பிப் போட்டவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அந்தக் காற்றை யாரும் அளந்து வைக்கவில்லை. நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை, அதாவது குழாயில் ஊதிப் பார்ப்பது, ஈப்போ பொது மருத்துவமனையில் செய்யலாம். கிளினிக்கில் கடிதம் வாங்கி அழைத்துப்போங்கள்.

மறுநடவுப் புகையும் அந்தக் காலத்தில் சாதாரணம். பழைய மரங்களைச் சாய்த்து, காயவிட்டு, மொத்தமாகக் கொளுத்துவார்கள். லயத்தில் காயப்போட்ட துணியில் கரி விழும். கோல்டன் ஹோப் நிறுவனம் 1989இல் எரிக்காமலே, மரத்தைச் சீவி மண்ணிலே மக்கவிடும் முறையைக் கொண்டுவந்தது. 1992இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு அதற்கு விருது கொடுத்தது. மாற வேண்டும் என்று நினைத்தால் தோட்டக் கம்பெனியும் மாறும்.

கே: புகைமூட்டம் வந்தால் பள்ளியை மூடுகிறோம். மற்ற நாட்களில்?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஈப்போ

ப: எண் 100ஐத் தாண்டினால் திடல் வேண்டாம், 200ஐத் தாண்டினால் பள்ளியே வேண்டாம் என்று கல்வி அமைச்சின் விதி இருக்கிறது. சுமத்ராவிலிருந்து வரும் புகைக்கு விதி உண்டு. பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் வரிசையாக நிற்கும் கார்களுக்கு இல்லை. மணி அடிப்பதற்கு முந்தைய இருபது நிமிடம் வாசலில் நின்று பாருங்கள், டீச்சர். புகைக்குழாய்க்கு நம் முகத்தைவிட முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முகம்தான் கிட்டத்தில் இருக்கும்.

லண்டனில் பல வட்டார மன்றங்கள் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தத் தெருவையே வண்டிக்கு மூடுகின்றன. மீறி நுழைந்தால் கேமரா பிடிக்கும். அந்த ஊரில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்து, 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அம்மா விடாமல் போராடிப் பெற்ற தீர்ப்பு. கேமராவுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் "வாசலில் எஞ்சினை அணையுங்கள்" என்று ஒரு தீர்மானம் போட ஒரு காசு செலவில்லை.

கே: லண்டனில் பழைய வண்டிக்குத் தினமும் கட்டணமாமே. ஈப்போவிலும் கொண்டுவரலாமே?
– கணக்காய்வாளர், பெர்ச்சாம்

ப: இப்போது வேண்டாம். அங்கே 2019இல் நகரின் நடுவில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் லண்டன் முழுக்க விரித்தார்கள். தரம் குறைந்த வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. பழைய காரைக் கைவிட 2,000 பவுண்டு, மோட்டார் சைக்கிளுக்கு 1,000 பவுண்டு உதவித்தொகையும் கொடுத்தார்கள். சுரங்க ரயிலும் பேருந்தும் இருக்கிற ஊர். இங்கே பழைய ஹோண்டா சி70இல் மார்க்கெட்டுக்குப் போகிற தோட்டத்துத் தாத்தாவிடம் கட்டணம் கேட்டால் அவர் எதில் ஏறிப் போவார்? முதலில் லாரி, கம்பெனி வேன், பேருந்து. தாத்தாவுக்குக் கடைசி வரிசை.

கே: கேரளாவில் ஏஐ கேமரா வைத்தார்களே, பலன் உண்டா?
– உறவினர் வீட்டுக்கு அடிக்கடி போகிறவர், தாப்பா

ப: 2023இல் 726 கேமரா, தலைக்கவசம், இருக்கைப் பட்டை, கைப்பேசி எல்லாவற்றையும் பிடிக்கும். ஜூன் 5 முதல் அபராதம். ஒப்பந்தத்தைப் பற்றிய சர்ச்சை உயர்நீதிமன்றம்வரை போனது. இருந்தாலும் பின்னால் உட்கார்ந்தவர்களும் தலைக்கவசத்தைத் தேடி எடுத்தார்கள். ஒப்பந்தத்தை வெளிப்படையாகப் போட்டிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

கே: நான் எங்கே போகிறேன் வருகிறேன் என்று கேமராவில் பதிவாகிறதே. யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?
– வழக்கறிஞர் அலுவலக ஊழியர், கிரீன் டவுன்

ப: பயப்பட நியாயமுண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. தகவல் கேட்டுப் பெறும் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் இருக்கிறது, பேராக்கில் இல்லை. சட்டம் வரும்வரை காத்திராமல் மன்றமே ஓர் அறிவிப்பு வெளியிடலாம்: குற்றமில்லாத வண்டியின் படம் இத்தனை நாளில் அழிக்கப்படும், இன்ன பதவியில் உள்ளவர் மட்டும் பார்ப்பார். ஒரு பக்கம் போதும்.

கே: அரசாங்கம் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?
– ஓய்வுபெற்ற தாதி, லாஹாட்

ப: எண்ணையே காட்டாத காலம் ஒன்று இருந்தது, சகோதரி. புகைமூட்டக் குறியீடு சில ஆண்டுகள் அதிகாரத்துவ ரகசியம். கண் எரிகிறது, எதிர்வீடு தெரியவில்லை, எண் மட்டும் வெளியே வராது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் அவசரநிலைக்குப் போன அந்த நாட்களில்தான் அதைத் திறந்துவிட்டார்கள்.

உங்கள் பக்கத்திலேயே புக்கிட் மேரா இருக்கிறது. ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவைப் பற்றி மக்கள் கேட்டபோது ஆபத்தில்லை என்ற பதில்தான் வந்தது. சும்மா இருக்கவில்லை அவர்கள். ஜப்பானிலிருந்து பேராசிரியர் சடாவோ இச்சிக்காவா வந்து கருவியோடு அளந்தார். 1985இல் வழக்குப் போட்டார்கள், 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆனாலும் 1994இல் ஆலை மூடியது. நிலையத்தின் எண்ணைப் பாருங்கள், உங்களிடமும் ஓர் எண் இருக்கட்டும்.

கே: மன்ற உறுப்பினர் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லையே. அவர் ஏன் நமக்குப் பதில் சொல்லப் போகிறார்?
– சில்லறைக் கடைக்காரர், சிலிபின்

ப: ஒரு காலத்தில் ஓட்டுப் போட்டோம். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ மன்றத்தைத் தேர்தலில் வென்று நடத்தியது. நம் பிள்ளைகள் விளையாடும் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா அந்தச் சகோதரர்களில் ஒருவரின் பெயரில் உள்ளதுதான். 1965இல் உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியமனமே நிலைத்துவிட்டது. தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பவன் நான். அதுவரை, நியமிக்கப்பட்டவருக்கும் அலவன்ஸ் நம் மதிப்பீட்டு வரியிலிருந்துதான். உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று மன்றத்தில் கேட்டு, அவர் பெயருக்கே எழுதுங்கள்.

கே: அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால்?
– அவரே, கடிதத்தின் பின்பக்கத்தில்

ப: கல் லாரிகள் திரும்பும் சிம்பாங் பூலாய் சந்திப்பில் ஒரு துகள் சென்சார் வைத்து, அதன் எண்ணை அங்கேயே பலகையில் காட்ட எவ்வளவு செலவாகும், எந்த மாதத்துக்குள் முடியும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.